ரயில் ஓடாத நாளின் ஒன்பது டிக்கெட்டுகள்

முதலமடைக்கும் மீனாட்சிபுரத்துக்கும் நடுவில்
கள்ளிப்பாறை என்றொரு ஹால்ட் இருந்தது.
தகரக் கூரை, சிமெண்டுப் பெஞ்சு,
பலகையில் நாலு மொழி.
தமிழில் மட்டும் ஒரு ‘ப்’ விட்டுப்போயிருந்தது.
கள்ளி, செடிதான் என்று
வெகுநாள் நினைத்திருந்தேன்.

மாம்பழத்துக்காகத் திறந்தது என்கிறது கோப்பு.
மீரான் ராவுத்தர் தோப்புக் கூடைகள் ஏற
வண்டி ஒரு நிமிஷம் நிற்கலாமென்று
யாரோ ஒரு துரை பச்சை மையில் எழுதியிருக்கிறார்.
ராவுத்தரின் பேரன் லாரி வாங்கிய வருஷம்
மாம்பழம் கோப்பிலிருந்து இறங்கிக்கொண்டது.
அந்த ஒரு நிமிஷம் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

நான் பாலக்காட்டு ஆபீஸில்
விற்ற டிக்கெட்டை எண்ணுகிறவன்.
ஹால்ட்டுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, ஏஜெண்ட்தான்.
நூறு ரூபாய்க்கு விற்றால் பதினைந்து அவருக்கு.
பெயர் ஆறுச்சாமி,
கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி.
தினம் ஒன்பது டிக்கெட், பொள்ளாச்சிக்கு.
அடைமழையிலும் ஒன்பது. ஓணத்துக்கும் ஒன்பது.
எட்டுக்குக் கீழே போனால் மூடலாம் என்பது
அப்போதைய சுற்றறிக்கை.

பிறகு அந்தப் பந்த்.
மாநிலம் முழுக்க ஒரு சக்கரமும் உருளவில்லை.
கள்ளிப்பாறையில் ஒன்பது டிக்கெட்,
பொள்ளாச்சிக்கு.

விசாரிக்கப் போனேன்.
கணவாய்க் காற்று
பனைமரங்களை ஒரே பக்கமாக வாரிக்கொண்டிருந்தது.
ஆறுச்சாமி மறுக்கவில்லை. இளநீர் வெட்டினார்.
“ராத்திரி வண்டிக்கு இருந்து
பாத்துப்போட்டுப் போங்க.”

வண்டி முழுசாக நிற்கும் முன்பே
விளக்கில்லாத பக்கம் பொத், பொத்.
ரேஷன் அரிசி, இருபது கிலோச் சிப்பங்கள்.
பின்னாலேயே பெண்கள் குதித்தார்கள்.
எண்ணினேன், தொழில் பழக்கம்: பதினேழு பேர்.
ஒருத்திக்கு நிறைமாசம்,
அவளை மட்டும் ரெண்டு பேர் பிடித்து இறக்கினார்கள்.
பெரிய ஸ்டேஷனில் போலீஸ் உண்டு.
இங்கே மறைக்கக் கதவுகூட இல்லை,
மறிக்கவும் இல்லை.
ஒருத்தியிடமும் டிக்கெட் கிடையாது.

மயிலாத்தா என்பவள் முந்தானை முடிச்சவிழ்த்து
ஒன்பது டிக்கெட் காசைக் கம்பிக்குள் தள்ளினாள்.
“நாளைக்குண்டானது.”
டிக்கெட்டை வாங்கிக்கொள்ளவில்லை.

“பந்த் அன்னிக்குமா கட்டினீங்க?”
மேலும் கீழும் பார்த்தாள்.
“சீட்டுப் போட்டவ
மழை பேயுதுன்னு ஒரு தவணை உடுவாளா?”

அரிசி கடத்தலுக்குச் சட்டம் தெரியும்.
டிக்கெட் இல்லாத பயணத்துக்கும் தெரியும்.
பயணம் இல்லாத டிக்கெட்டுக்கு
எங்கள் கையேட்டில் பிரிவே இல்லை.
திரும்பி வரும் வழியெல்லாம் தேடினேன்.

அறிக்கையில் எழுதினேன்:
‘தேதி குத்தும் இயந்திரம் பழுது.
ஒரு நாள் தள்ளிக் குத்துகிறது.’
மேலிடத்தில் கையெழுத்தாகி
புது இயந்திரம் அனுப்பினார்கள்.

மூடியது நானல்ல. ஆள் குறைந்தும் அல்ல.
மீட்டர்கேஜைப் பிடுங்கினார்கள்,
அகலப் பாதைக்கு வருஷக்கணக்கில் ஜல்லி கொட்டினார்கள்,
புது அட்டவணையில் கள்ளிப்பாறை இல்லை.
தண்டவாளம் பிடுங்கிய வாரம்
ஆறுச்சாமியின் கடைசிக் கணக்கு தபாலில் வந்தது.
கடைசி நாள் விற்பனை: பதினெட்டு.
மறுநாளைக்கும் சேர்த்து.

ரிட்டையரான பின் ஒருமுறை அவ்வழியே போனேன்.
வண்டி வேகம் குறைக்கவில்லை.
பலகை இருந்த இடத்தில் ரெண்டு இரும்புக் கால்,
பெஞ்சின் மேல் யாரோ மிளகாய் காயப்போட்டிருந்தார்கள்,
காற்றுக்குப் பறக்காமல் ஓரத்தில் கல் வைத்து.

எதிர் சீட்டுக்கு அடியில் ஒரு சிப்பம்.
அதன்மேல் பாதம் பதித்து உட்கார்ந்திருந்தவளிடம்
எங்கே இறங்கணும் என்று கேட்டேன்.

“நிக்கிற எடத்துல” என்றாள்,
காலை எடுக்காமல்.